உதவியவரிடம் சொல்ல வேண்டியிருந்த செய்தி

சென்ற ஆண்டு புரட்டாசியில், வலங்கைமான் பக்கம் குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்த நாட்களில் இது நடந்தது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல. எழுத உட்காரும்போதெல்லாம் அந்தப் பாலத்து இறக்கம் கண்முன் வந்துவிடும். பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். விவசாயப் பட்டம் படித்த என் மகள், நடவு மிஷினுக்குத் தேவையான நாற்றைத் தட்டுகளில் வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கியிருந்தாள். நாற்றுத் தட்டுகளை ஏற்றிச் செல்ல ஒரு பழைய டீசல் லோடு வண்டி உண்டு. அதை அவளேதான் ஓட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். துணைக்குப் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். உண்மையில், அவள் தனியாகப் போனால் திரும்பி வரும்வரை எனக்கு அடுப்படியில் கூட நிற்க முடியாது.

"நீ கூட வந்தா மட்டும் பிரேக்கை நீயா மிதிக்கப் போற?" என்று கேலி செய்வாள்.

ஒருநாள் காலை நாற்றேற்றிக்கொண்டு கிளம்பிய சிறிது தூரத்திலேயே முகத்தைச் சுளித்தாள். பிரேக் பெடல் கல்லாட்டம் இருக்கிறது என்றாள். ஸ்டியரிங்குக்கு அருகே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. கியரைக் குறைத்து, கைப் பிரேக்கை இழுத்து, மெதுவாக வாய்க்கால் ஓரம் நிறுத்தினாள்.

எதிர் வயலில் ஒரு கதிரறுக்கும் இயந்திரம் நின்றிருந்தது. இரவு பெய்த தூறலில் கதிர் நனைந்திருந்ததால், காயட்டும் என்று அதன் ஓட்டுநர் வரப்பில் உட்கார்ந்து காத்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சீசனுக்காக ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்தவர். நாங்கள் கூப்பிடாமலே எழுந்து வந்தார்.

"என்னங்க்கா, வண்டி மக்கர் பண்ணுதுங்களா?"

இருக்கையைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "எலி விருந்தே சாப்ட்டிருக்குங்க்கா!"

அறுவடை முடிந்த வயல்களிலிருந்து கிளம்பும் எலிகள் வீடு, கொட்டகை, வண்டி என்று எதையும் விடுவதில்லை. எங்கள் வண்டியில் ஒரு ரப்பர் குழாயைக் கடித்துக் குதறியிருந்தது. அந்தக் குழாயின் வேலை என்ன என்பதை அவர்தான் எங்களுக்கு விளக்கினார். பிரேக் மிதிக்கும்போது நம் காலுக்குப் பலம் கொடுப்பது பூஸ்டர். டீசல் வண்டியில் அந்தப் பூஸ்டருக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி எடுக்க ஒரு பம்ப் தனியாக இருக்கிறது. இரண்டையும் இணைப்பது அந்தக் குழாய். குழாயில் ஓட்டை விழுந்தால் பம்ப் வெளிக்காற்றைத்தான் உறிஞ்சும். பூஸ்டர் வேலை செய்யாது. சிவப்பு விளக்கு அதைத்தான் எச்சரிக்கிறது.

வண்டியில் இருந்தது தட்டில் வளர்ந்த இளநாற்று. வெயில் ஏற ஏற வாடும். நடவு மிஷினும் ஆட்களும் வயலில் காத்திருந்தார்கள். மெக்கானிக் கடை வெகுதூரம். அவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் இயந்திரத்திலிருந்து ஒரு சுருள் டியூப்பை எடுத்துவந்தார். கேனிலிருந்து டீசல் இறக்க வைத்திருந்த, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் டியூப். அளவு சரியாக இருந்தது. ஒரு துண்டு வெட்டி, இரு முனையிலும் கிளிப் போட்டு முடுக்கினார். மறுபடியும் எலி கடிக்கக் கூடாது என்று கறுப்பு டேப்பை நெருக்கமாகச் சுற்றினார்.

"இது தாங்குமா, தம்பி?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

"டீசலையே தாங்குற டியூப்புங்க்கா. வெறுங்காத்தைத் தாங்காதா?"

பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலைச் சில தடவை மிதிக்கச் சொன்னார். பெடல் இறுகியது. காலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு வண்டியைக் கிளப்பச் சொன்னார். எஞ்சின் ஓடியதும் என் மகளின் காலுக்குக் கீழே பெடல் மெல்ல இறங்கியது.

"இறங்குது பாத்தீங்களா? இனி கவலை இல்லைங்க."

எதுவும் வாங்க மறுத்துவிட்டார். எங்கேயாவது நின்றுவிட்டால் கூப்பிடுங்கள் என்று தன் எண்ணை மட்டும் கொடுத்தார். அன்று நாற்று வாடாமல் வயலில் இறங்கியது. வீட்டுக்கு வந்து, அந்த மனிதரின் முகம் தெரியாத குடும்பத்துக்காகச் சாமி விளக்கின் முன் ஒரு நிமிடம் நின்றேன்.

சில நாட்கள் எந்தக் குறையும் இல்லை. பிறகு நீடாமங்கலம் பக்கம் போய்த் திரும்பும்போது அந்தச் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. பெடல் இறுகுகிறது என்றாள். ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்து கிளப்பினால், விளக்கும் இல்லை. பெடலும் பஞ்சாக இறங்கியது.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனோம். எங்கள் வண்டியை வெகுநாளாகப் பார்ப்பவர், பொறுப்பானவர். எலி கடித்த குழாயை மாற்றியாகிவிட்டது என்று நாங்களே சொன்னோம். அவர் குழாயின் இரு முனைகளிலும் கை வைத்துப் பார்த்தார். காற்றுக் கசியும் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்தார். குழாயைக் கழற்றி விரலால் அடைத்து, பம்ப் நன்றாக இழுக்கிறதா என்று பார்த்தார். பெடல் சோதனையும் செய்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"மழைத் தண்ணி இறங்கி அந்த லைட்டு சுவிட்சு கோளாறு பண்ணுதுன்னு நெனைக்கிறேன்க்கா" என்று சுவிட்சை மாற்றினார்.

இரண்டு நாள் கழித்து விளக்கு மறுபடி எரிந்தது. மறுபடி அவரிடம் போனோம். அவர் கடையை அடைவதற்குள் வழியில் ஒரு வயலில் தட்டுகளை இறக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தோம். கடையில் மறுபடி எல்லாம் சரி. வண்டியைத் தானே எடுத்துக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றிவந்தார்.

"என்ன பாப்பா, டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் விட்டுப்போற ஆளா இருக்கே உன் வண்டி! இல்ல, அம்மா பயம் உனக்கும் ஒட்டிக்கிச்சா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. "அண்ணே, எரியுது. நான் பாத்தேன்" என்றாள்.

வண்டியை நிறுத்திவிடலாம் என்று அன்று இரவு கெஞ்சினேன். முற்றிய நாற்றை மிஷின் நடாது, சொன்ன நாளில் கொடுக்காவிட்டால் அடுத்த சாகுபடிப் பட்டத்துக்கு ஒருவரும் நம்மிடம் வரமாட்டார்கள் என்றாள். மெதுவாகத்தான் ஓட்டுவேன் என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். சொன்னபடியேதான் ஓட்டினாள். மெதுவாக ஓட்டியதால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

அடுத்த நாள் நல்ல வெயில். முழுப் பாரத்தோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியாகிவிட்டது. வெட்டாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கும்போது, இறக்கம் முடியும் இடத்திலிருந்து பாதிச் சாலைக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. கொள்முதலுக்குப் போவதற்குமுன் ஈரம் போகட்டும் என்று எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். ஒரு பெண் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். மறுபாதிச் சாலையில் எதிரே ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது.

என் மகள் பிரேக்கை மிதித்தாள். வண்டியின் வேகம் கொஞ்சம் தணிந்தது. மறுபடி மிதித்தாள். மூன்றாவது முறை பெடல் அசையவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"அம்மா, இறங்கலம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

முதுகை இருக்கையில் அழுத்தி, இரண்டு காலையும் பெடல்மேல் வைத்தாள். கியரைக் குறைத்துக் கைப் பிரேக்கை இழுத்தாள். சக்கரம் நெல்மேல் ஏறியதும் வண்டி வழுக்கியது. நான் கத்தினேன். யாரை நோக்கி, என்னவென்று கத்தினேன் என்று இன்றுவரை நினைவில்லை. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் அவ்வளவு பக்கத்தில் தெரிந்தது. அதற்குள் என் மகள் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்துவிட்டாள். ஓரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த நெல் அம்பாரத்தில் வண்டியின் முகம் புதைந்து நின்றது. பின்னால் தட்டுகள் சரிந்து விழும் சத்தம் கேட்டது. பேருந்து எங்களை ஒட்டிக் கடந்து போனது.

"அடிப் பாவி மவளே! ரோடு அங்க கெடக்க நெல்லுல வந்து ஏத்துறியே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்திக்கொண்டே ஓடிவந்த அந்தப் பெண், இன்னமும் இரண்டு காலாலும் பெடலை மிதித்துக்கொண்டு விறைத்து உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

நான் சாவியை அணைக்கக் கையை நீட்டினேன். என் மகள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அணைக்காதம்மா! அணைச்சா மறுபடியும் நல்ல பிள்ளை ஆயிடும். இப்பவே பாக்கணும்."

அந்தப் பெண் ஓடிப்போய்க் கல்லெடுத்து வந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இருக்கையைத் தூக்கினோம். உள்ளிருந்து அனல் அடித்தது. செல்போன் வெளிச்சத்தில், கறுப்பு டேப் சுற்றிய அந்தக் குழாய் நடுவில் தட்டையாக, ரிப்பன்போல் ஒட்டிக் கிடந்தது. சூட்டில் டியூப் இளகியிருந்தது. பம்ப் உறிஞ்சிய உறிஞ்சலில் அதன் இரு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டி, காற்றுப் போகும் வழியை அடைத்திருந்தன. டீசலை உள்ளே வைத்துத் தாங்குவது வேறு. உறிஞ்சும்போது சுருங்காமல் நிற்பது வேறு. அதற்கென்றே உள்ளே நூல் வைத்து நெய்த கெட்டியான ரப்பர் குழாய் இருக்கிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

என் மகள் அதை வீடியோ எடுத்தாள். பிறகு எஞ்சினை அணைத்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் குழாய் மெல்ல மெல்ல உப்பி, உருண்டு, பழையபடி ஆனது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. மெக்கானிக்கிடம் போகும்போதெல்லாம் அது இப்படித்தான் உருண்டுவிட்டிருந்தது.

அந்தப் பெண் தூக்குவாளியிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். சிதறிய நெல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"நெல்லு கொட்டுனா அள்ளிக்கலாம். நான் கொட்டியிருந்தா யாரு அள்ளுறது? போ, மொதல்ல அந்தப் பொண்ணை ஒரு வாய் குடிக்கச் சொல்லு."

போன் செய்ததும் மெக்கானிக் சரியான குழாயோடு அங்கேயே வந்தார். என் மகள் வீடியோவைக் காட்டினாள். "நான் இதைத் தொட்டுப் பாத்தேன்க்கா. ஆறிப்போயிருந்தப்ப தொட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை என் மகள் சொன்னாள்: "அந்த ஆத்தூர் அண்ணன்கிட்டச் சொல்லணும்மா."

எனக்கு அதில் விருப்பம் இல்லை. வெயிலில் நின்று, கை கருக உதவி செய்த மனிதர். அவரிடம் போய் உங்கள் உதவியால் செத்திருப்போம் என்று சொல்வதா? தெரிந்தா செய்தார்? போன் எண் இருந்தும் இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பனந்தாள் பக்கம் நாற்றிறக்கப் போனபோது, அவருடைய இயந்திரம் அங்கேதான் ஓடுகிறது என்று தெரிந்தது. போனோம்.

எங்களைக் கண்டதும் இயந்திரத்திலிருந்து குதித்து வந்தார். "வாங்கக்கா! வாங்க பாப்பா! வண்டி எப்படிங்க ஓடுது?"

அந்தச் சந்தோஷ முகத்தைப் பார்த்ததும், "நல்லா ஓடுது தம்பி, நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் கூச்சத்தோடு சிரித்தார். என் மகள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். அப்படியே திரும்பியிருக்கலாம். திரும்பியும்விட்டேன். நாலடி நடந்திருப்பேன். நெல்லுக்குள் திரும்பிப் பார்த்த அந்தப் பெண்ணின் முகம் என்னை நடக்கவிடவில்லை.

திரும்பி வந்து சொன்னேன். வீடியோவைக் காட்டினேன். அவர் இரண்டு முறை பார்த்தார்.

"எலி கடிக்கக் கூடாதுன்னுதானேக்கா டேப்பு சுத்துனேன்…"

"தெரியும் தம்பி. உங்களைக் குறை சொல்ல வரலை."

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "அக்கா, இன்னொரு வண்டிக்கும் போட்டுக் குடுத்திருக்கேன். நடவு ஆளுங்களை ஏத்துற வேன். உங்களுக்குப் போட்டு நல்லா இருக்குதேன்னு, அதே சுருள்ல வெட்டிப் போட்டேன்."

வேன்காரரின் எண் அவரிடம் இல்லை. அறுவடைக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்டைக் கூப்பிட்டு வாங்கினார். வயல்காரர் வரப்பில் நின்று, "வானம் கறுக்குது, மிஷினை நிறுத்திட்டு என்னய்யா போன் பேசிட்டிருக்கே?" என்று சத்தம் போட்டார். "வந்துர்றேங்க. ஒரு வண்டிக்குப் பிரேக்கு இல்லீங்க" என்றார். வயல்காரர் போ என்பதுபோல் கையசைத்துவிட்டு வரப்போடு நடந்தார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பும் நேரம். ஓட்டிக்கொண்டிருப்பார் என்றாள் என் மகள். ஆத்தூர்க்காரர் மறுபடி அடித்தார். பிறகு போனை நான் வாங்கி அடித்தேன். மூன்றாவது தடவை எடுத்தார்கள்.

"உங்க வண்டியில சிவப்பா ஒரு லைட்டு எரியுதாங்க?" என்று கேட்டேன்.

"யாரும்மா நீங்க? அதுவா, நாலு நாளா எரியுது. கண்ணை உறுத்துதுன்னு எங்க வீட்டுக்காரியோட ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணை எடுத்து மேல ஒட்டிட்டேன்."

டீக்கடையில் நிறுத்தியிருந்தார். அடுத்து ஆற்றுப் பாலம் ஏற வேண்டும். வண்டி நிறைய ஆட்கள். வண்டியை எடுக்க வேண்டாம் என்று போனில் எப்படிச் சொன்னேன் என்று தெரியாது; அழுதேன் என்று மட்டும் நினைவிருக்கிறது. பெற்றவள் ஒருத்தி அழுது கேட்பதை அவர் தட்டவில்லை.

எங்கள் வண்டியில் அங்கே போய்ச் சேர்ந்ததும் ஆத்தூர்க்காரர்தான் முதலில் இறங்கி ஓடினார். வேனின் இருக்கையைத் தூக்கிவிட்டு, எங்களைப் பார்க்காமல், எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். சூடு ஆறாத அந்தக் குழாய், கொஞ்ச நேரத்தில் எங்கள் கண்முன் நடுவில் ஒட்டிப்போனது. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேன்காரர் உள்ளே சாய்ந்து அந்தப் பொட்டை நகத்தால் பிய்த்தெடுத்தார்.

நடவுப் பெண்கள் இறங்கி, சேறு காயாத காலோடு, தூக்குப் பாத்திரங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலத்தின்மேல் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். வண்டி எதற்காக நின்றது என்று அவர்களுக்கு யாரும் விவரமாகச் சொல்லவில்லை.

"எவளோ ஒருத்தி போன் பண்ணாளாம், இவரு வண்டிய நிறுத்திட்டாராம். அவளா வந்து எங்க வீட்டுல உலை வெப்பா?" என்று ஒருத்தி என்னை உரசிக்கொண்டு போனபடியே சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். இன்னொருத்தி அவளைவிடக் காரமாக ஏதோ சொன்னாள். நான் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் ஒவ்வொருவராக என்னைக் கடந்து போவதைப் பார்த்தபடி, அவர்கள் வாயிலிருந்து எனக்கு வந்த திட்டை முழுசாகக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஆத்தூர்க்காரர் இந்தச் சீசனுக்கும் வந்திருந்தார். வழியில் நின்றுபோன வண்டிகளுக்கு இன்னமும் இறங்கி உதவுகிறார், பிரேக் என்றால் மட்டும் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு அவர் வரும்வரை கூடவே நிற்கிறாராம். நல்லது செய்தவரிடம் குறை சொல்லக் கூடாது என்றே வளர்ந்தவள் நான். அன்று அந்த நாலடியோடு திரும்பாமல் போயிருந்தால், அத்தனை பெண்களும் பாலத்தில் நடந்தல்ல, அந்த வண்டியில் ஏறித்தான் போயிருப்பார்கள் என்ற நினைப்பு இன்றும் என்னைத் தூங்கவிடாமல் எழுப்பி உட்காரவைக்கிறது.